தராசு யார் கையில்

கந்தப்பளையில் எங்கள் லயத்துக்குக் கீழேதான் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவம். அம்மா இறக்கும் கொழுந்தில் 'தண்ணி' என்று ரெண்டு கிலோ கழிப்பார்கள். மழைநாளில் சரி, வெயில் காயும் மாசியிலும் அதே ரெண்டு கிலோ! நிறுத்தவரிடமே முறையிட வேண்டும், தீர்ப்பும் அவரே சொல்வார். கொழுந்தில் ஈரம் இருந்ததா என்பது கடைசிவரை தெரியாது.

2013 ஜனவரி 11. இலங்கையின் பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்கவை நீக்க நாடாளுமன்றத்தில் 155 வாக்குகள், எதிராக 49. எனக்கு மடுவம்தான் நினைவுக்கு வந்தது. வெளிக்காட்டாத வங்கிக் கணக்குகள், வீடு வாங்கிய விவகாரம் என்று 14 குற்றச்சாட்டுகள், அவர் மறுத்தார். அவற்றை விசாரித்த நாடாளுமன்றத் தெரிவுக்குழுவின் 11 பேரில் ஏழு பேர் ஆளுந்தரப்பு. ஷிராணி விசாரணையிலிருந்து வெளியேறினார், எதிர்க்கட்சியின் நால்வரும் வெளியேறினார்கள். மேன்முறையீட்டு நீதிமன்றம் குழுவின் அறிக்கையை ரத்துச் செய்த பிறகும் வாக்கெடுப்பு நடந்தது.

மனுநீதிச் சோழன் கதையை வகுப்பில் வருஷாவருஷம் சொன்னவன் நான். கன்றுக்காக மகனைப் பலிகொடுத்த அரசனுக்கு அந்தத் தீர்ப்பால் நட்டம் மட்டுமே. தீர்ப்பால் இலாபம் காணும் கையே தராசைப் பிடித்தால்? குற்றம் மெய்யென்றே வைத்துக்கொள்வோம், அப்போதும் அது தர்மமாகாது என்பேன். அதற்காக ஷிராணியைக் குற்றமற்றவர் என்றும் சொல்ல என்னால் முடியவில்லை. பழியைக் கழுவவும் நேரான தராசு வேண்டுமே.

2015 ஜனவரி 28 அவர் மீண்டும் பதவியேற்று, மறுநாள் ஓய்வு பெற்றார். அம்மாவுக்கு அந்த ஒரு நாளும் வாய்க்கவில்லை.