மண்ணே சக்கரமானால்

பானை மண்ணுக்குள் முன்பே இருந்ததா, வனைந்த பிறகுதான் உண்டானதா? இந்தியத் தத்துவத்தில் இது பழைய வழக்கு. காரணத்தில் இல்லாதது காரியத்தில் வராது என்றார்கள் சாங்கியரும் சைவ சித்தாந்திகளும். மணலைச் செக்கிலிட்டால் எண்ணெய் வருமா? நியாய வைசேடிகர் ஒப்பவில்லை. பானை ஏற்கெனவே இருந்தால் குயவருக்கு என்ன வேலை?

அதே வழக்கு இப்போது சூரியக் காற்றில் நடக்கிறது.

சூரியனிலிருந்து புரோட்டான்களும் எலெக்ட்ரான்களும் காந்தப்புலத்தை இழுத்துக்கொண்டு நொடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர் வேகத்தில் ஓயாமல் வெளியேறுகின்றன. 1958இல் யூஜீன் பார்க்கர் இதை எழுதியபோது மதிப்பீட்டாளர்கள் இருவரும் நிராகரித்தார்கள். இதழாசிரியர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர். அவருக்கும் கருத்து பிடிக்கவில்லைதான். கணக்கில் பிழை காணமுடியாததால் அச்சிட்டார்.

பூமியருகே வரும்போது இந்தக் காந்தப்புலம் இடியாப்பம்போல இழையிழையாகக் கிடக்கிறது. அந்த இழைகள் சூரியப் பரப்பிலேயே உருவாகி அப்படியே வந்து சேர்ந்தவையாக இருக்கலாம் என்று 2008இல் ஜோசப் போரோவ்ஸ்கி வாதிட்டார். வில்லியம் மத்தேயஸ் தரப்போ, கணினியில் வெறும் கொந்தளிப்பை ஓடவிட்டாலே இழைகளுக்கு இடையிலான சுவர்கள் தாமாக எழுகின்றன என்று காட்டியது.

பார்க்கர் பெயர் தாங்கிய விண்கலம் 2018 நவம்பரில் சூரியனை 2.4 கோடி கிலோமீட்டர் வரை நெருங்கியது. அங்கே அது கண்டது இது: ஒரே திசை காட்டிக்கொண்டிருந்த காந்தப்புலம் திடீரென்று கொண்டை ஊசி வளைவாகத் திரும்பும். சில நொடிகளோ நிமிடங்களோ கழித்துப் பழைய திசைக்கே வரும். இப்படி ஆயிரக்கணக்கில். வளைவுகள் கொத்துக் கொத்தாக வருவதும், கொத்தின் அளவு சூரியப் பரப்பில் சுமார் 30,000 கிலோமீட்டர் அகலத்தில் பொங்கும் கொப்புளங்களோடு பொருந்துவதும் சாங்கியர் கட்சிக்குச் சாதகம்.

சைவ சித்தாந்தத்தில் மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவர் நிமித்த காரணம். கொந்தளிப்பைச் சக்கரமாக வைத்துக்கொண்டால் இரு தரப்பையும் சமாதானப்படுத்திவிடலாம்போல் தோன்றும். ஆனால் உவமை இங்கே இடறுகிறது. குயவர் வீட்டில் சக்கரம் வேறு, மண் வேறு. சூரியக் காற்றிலோ சுழல்வதும் வனையப்படுவதும் ஒரே பிளாஸ்மா. எது வித்து, எது வழியில் வந்தது என்று கோடு கிழிக்க இடமில்லை.

2021 ஏப்ரல் 28 அன்று பார்க்கர் கலம் ஆல்ஃப்வேன் எல்லை எனப்படும் விளிம்பைத் தாண்டிச் சூரியனின் வளிமண்டலத்துக்குள்ளேயே நுழைந்தது. சாங்கியர் கட்சி சரியென்றால், பிறப்பிடத்துக்கு அவ்வளவு பக்கத்தில் கொண்டை ஊசி வளைவுகள் கூடுதலாகவே இருந்திருக்க வேண்டும். குறைவாகத்தான் தென்பட்டன.