தலைமயிரும் தன்மானமும்

உடம்பின் உறுப்புக்களுள் அரிந்தாலும் நோவாதன மயிரும் நகமுமாம். அங்ஙனமாகவும், தலைமயிர் உதிர்ந்து நெற்றி அகன்ற ஆடவன் கையிழந்தான் போல உள்ளம் மெலிதலை உலகிற் காண்கின்றோம். நோவாத பொருள் நீங்குங்கால் நோவது யாது? இவ்வினா எளியது போலத் தோன்றினும், உயிரின் இயல்பை ஆராய்வார்க்குப் பெரிதும் பயன்படுவதாம்.

தென்காசிக்கு அணித்தாகிய திருக்குற்றாலத்தில், மலையினின்று இழியும் நீர் ஐந்து கிளையாய்ப் பிரிந்து வீழுமிடம் ஐந்தருவி எனப் பெயர்பெறும். ஆனி ஆடித் திங்களில் தென்மேற்குப் பருவமழை பொழியுங்கால் மக்கள் ஆங்குத் திரளாய்க் கூடி நீராடுவர். பக்கத்து மயிரை நீள வளர்த்து உச்சியின் வெறுமையை மறைத்து வாரிய ஒருவன் அருவியின்கீழ்த் தலைகொடுத்த அளவிலே, அம்மறைப்பு முழுதும் நீங்கும். முடியுடையானும் முடியிலியும் ஆண்டு ஒரு தன்மையராகவே நீரை ஏற்கின்றனர். ஆயினும் வெளிவந்தவுடன் அவன் கை முதற்கண் தேடுவது ஈரந் துவர்த்தும் ஆடையையன்று, சீப்பையே.

இவ்வழுக்கையின் காரணத்தை உடல்நூலார் விளக்கியுள்ளனர். மக்கள் தலையில் ஏறக்குறைய 1,00,000 மயிருள. நாடோறும் 50 முதல் 100 வரை உதிர்தல் இயல்பு. வழிவழி வரும் வழுக்கையோ, டெஸ்டாஸ்டிரோன் என்னும் ஆண்மைச் சுரப்பு வேறொரு வடிவாய்த் திரிந்து மயிர்க்காலைச் சுருக்குதலான் நிகழ்வது. பருவமெய்து முன் அச்சுரப்பு நீங்கினார்க்கு இவ்வழுக்கை உண்டாவதில்லை என்பதனை ஹாமில்டன் என்னும் அமெரிக்க அறிஞர் 1942-ல் காட்டினார். எனவே, எதனை ஆண்மைக் குறைவென்று ஒருவன் நாணுகின்றானோ, அஃது அவ்வாண்மைச் சுரப்பின் செயலேயாம். நாணுதற்குரிய குற்றம் ஈண்டு யாதுமில்லை.

திருவள்ளுவனார் மானம் என்னும் அதிகாரத்துள், தந்நிலையிற் றாழ்ந்த மாந்தர்க்குத் தலையினின்று வீழ்ந்த மயிரை உவமை கூறினார். தலையிலுள்ள துணையும் எண்ணெயும் பூவும் பெற்ற மயிர், வீழ்ந்த பின்னர்த் துடைப்பத்திற்குரியதாகின்றது. பொருள் மாறிற்றில்லை, இடமே மாறிற்று. ஆகலின், தலையால் மயிர்க்குச் சிறப்பேயன்றி, மயிரால் தலைக்குச் சிறப்பன்று. இங்ஙனமே உயிர் நின்றதனால் உடம்பிற்குச் சிறப்பு என்பதூஉம் உணரப்படும்.

இன்னும், பழனி முதலிய தலங்களில் முடிகாணிக்கை செலுத்தி வருவான் மகிழ்ச்சியோடு வருகின்றான். வழுக்கையுற்றானோ வருந்துகின்றான். தலையின் வெறுமை இருவர்க்கும் ஒன்றே; ஒருவன் கொடுத்தான், மற்றவன் இழந்தான். காணிக்கையாக்கிய மயிர் மீள வளரும், வழுக்கையிற் போயது வாராது. ஆதலின் இரண்டும் ஒவ்வா எனின், வாழ்நாள் முழுதும் தலைமழிக்கும் துறவியர் அதுபற்றி வருந்தாமையை நோக்குக. துன்பம் மயிரின் நீக்கத்தில் இல்லை. 'எனது' என்னும் பற்றிலேயே உள்ளது.

'எனது உடல்' என்னும் வழக்குக்கொண்டே உடலின் வேறாக உயிருண்மையை மெய்கண்ட தேவர் சிவஞானபோதம் மூன்றாஞ் சூத்திரத்தில் நிறுவினார். 'என் மயிர் உதிர்ந்தது' என்பான், உதிர்ந்தது தானல்லன் என்பதனைத் தன் வாயாலேயே கூறுகின்றான். கூறியும் வருந்துதல், உயிர் சார்ந்ததன் வண்ணமாதற் றன்மையால். உரோமாபுரியை ஆண்ட ஜூலியஸ் சீசர், தம் வழுக்கைக்கு நாணி, வெற்றிக்கு அணியும் இலைமாலையை எப்பொழுதும் சூட விரும்பினார் என்று சுவிட்டோனியஸ் என்பார் எழுதினார். பல நாடு வென்றும் ஒரு சாண் தலையின் வெறுமையைப் பொறுத்தலாற்றாமை பற்றின் வலியைக் காட்டும்.

அற்றேல், புறத்தோற்றம் பொய்யோ எனின், அன்று. உலகினை வெறுந்தோற்றமென்று தள்ளுவது சித்தாந்தமன்று. அடியார் திருவேடத்தை அரனெனவே தொழுக என்று பன்னிரண்டாஞ் சூத்திரம் விதித்தது. ஆயின், திருவேடம் இறைவனை நினைப்பிப்பது. தலைமயிர் தன்னையே நினைப்பிப்பது. இவ்விரண்டன் வேற்றுமை அறியற்பாலது. மயிர் பின்வாங்கிய நெற்றியில் திருநீற்றிற்கு இடம் மிகுந்ததேயன்றிக் குறைந்ததில்லை.

மருந்து கொள்ளுதல் குற்றமோ எனின், உடம்பைப் பேணுதல் குற்றமாகாது. மணம்பேச வந்தார்முன் பொய்ம்முடியால் மறைத்துப் பின்னர் வெளிப்படச் செய்தல் வாய்மைக்கு இழுக்காம். மறைத்தானினும், மறைக்குமாறு அவனை எள்ளி நகையாடினார்க்கே பழி மிகுதி. வழுக்கை யாரையும் துன்புறுத்துவதில்லை. நகையாடும் நாவோ ஓரிளைஞனை அவைக்கு அஞ்சச் செய்யும். முன்னையது உடம்பின் இயல்பு. பின்னையது உள்ளத்தின் கேடு. மருந்து வேண்டுவது எதற்கு என்பதை அறிவுடையோர் தெளிக.

மூப்பு வருங்கால் பல் போம், கண்ணொளி போம், நடை தளரும். அவையெல்லாம் நோவோடு வருவன. உடம்பு தனதன்று என்னும் பாடத்தை, நோவாத உறுப்பைக்கொண்டு முன்னரே கற்பித்தல் இறைவன் திருவருளின் எளிமையென்க. அப்பாடத்தை மயிரளவிற் கற்றான், உயிர் பிரியும் அளவிற் கலங்கான்.

திருச்சிற்றம்பலம்.