கதவைத் திறந்த சிறுவன்



மாலைச் செபம் முடிந்தபின் பிள்ளைகளுக்குப் புனிதர்களின் சரித்திரத்தை வாசித்துக் காட்டுவது நம் குடும்பங்களில் நெடுநாள் வழக்கம். இன்று அதைக் கைவிட்ட பெற்றோர் சொல்லும் காரணம் பெரும்பாலும் ஒன்றே: "பிள்ளையள் கேட்கினமில்லை, சுவாமி. கொட்டாவிதான் விடுகினம்." இக்கவலைக்கு ஒரு நாவலில் மறுமொழி கண்டேன்.

கத்தோலிக்க எழுத்தாளர் கிரஹாம் கிறீன் 1940இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'வல்லமையும் மாட்சியும்' என்பதே அந்நாவல். 1938இல் அவர் மெக்சிக்கோ சென்று, அங்கு திருச்சபை பட்ட பாடுகளை அறிந்துவந்தார். தபாஸ்கோ மாநிலத்தில் ஆலயங்கள் இடிக்கப்பட்டன. குருக்கள் விரட்டப்பட்டனர், அல்லது திருமணம் செய்ய வற்புறுத்தப்பட்டனர். அச்சூழலில் பொலிசார் தேடித் திரியும் ஒரு குருவின் கதை இது. அவருக்கு நாவலில் பெயரே இல்லை. மதுவுக்கு அடிமையானவர், ஒரு பெண்குழந்தைக்குத் தகப்பன், பயந்த சுபாவத்தினர். கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராத கதை.

எனினும் என் மனதில் நின்றவன் லூயிஸ் என்ற சிறுவன். தடைசெய்யப்பட்ட நூலொன்றிலிருந்து ஹுவான் எனும் இளம் வேதசாட்சியின் சரித்திரத்தை அவன் தாய் இரகசியமாக வாசிக்கிறாள். தங்கைமார் ஆவலோடு கேட்கின்றனர். அவனுக்கோ சலிப்பு. குறையே இல்லாத அந்த ஹுவானை அவனால் நம்ப முடியவில்லை. அவன் கண் வீதியிலே செல்லும் பொலிஸ் அதிகாரியின் துவக்கிலே இருக்கிறது.

இங்கே என் சிறுபிராயத்தைக் கண்டேன். 1990களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் கிடைப்பது அரிது. ஜாம் போத்தல் விளக்கைச் சுற்றியிருந்து செபமாலை சொல்வோம். அதன்பின் அம்மம்மா வாசிப்பார். விளக்கு அணையுமுன் அத்தியாயம் முடியவேண்டும். எங்கள் காதுகளோ வெளியே கேட்ட சத்தங்களிலே இருந்தன. துவக்கு ஏந்தியவர்களே சிறுவர் கண்ணுக்கு வீரராய்த் தெரிந்த காலம் அது.

லூயிஸுக்கு என்ன நடந்தது? எல்லை கடந்து தப்பிய அந்தக் குரு, சாகக் கிடக்கும் ஒரு கொலைகாரனுக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்கும்படி அழைக்கப்படுகிறார். அது பொறி என்று அறிந்தும் திரும்பி வருகிறார். பிடிபட்டுச் சுட்டுக் கொல்லப்படுகிறார். முன்னொருமுறை தங்கள் வீட்டில் தங்கிய அம்மனிதரும் வேதசாட்சியே என்று தாய் சொல்லக் கேட்ட லூயிஸ், அதிகாரியின் துவக்கின்மேல் துப்புகிறான். அன்றிரவு கதவு தட்டப்படுகிறது. வாசலில் ஓர் அந்நியர். புதிதாய் வந்த குரு. சிறுவன் கதவைத் திறந்து அவர் கரத்தை முத்தமிடுகிறான்.

அன்பர்களே, இரண்டு காரியங்களைக் கவனியுங்கள். முதலாவது, தாயின் வாசிப்பு வீண்போகவில்லை. 'வேதசாட்சி' என்ற சொல்லை அந்தச் சலிப்பூட்டும் நூலே அவனுக்குக் கொடுத்தது. அது இல்லையேல், இறந்தவர் யாரென அவன் எப்படி அறிவான்? தீமோத்தேயுவின் விசுவாசம் முதலில் அவருடைய பாட்டியிடமும் தாயிடமும் குடிகொண்டிருந்தது எனப் புனித சின்னப்பர் நினைவூட்டுகிறார் அல்லவா?

இரண்டாவது, நூல் மட்டும் போதவில்லை. பலவீனனான ஒரு மனிதன், பயத்தோடேயே திரும்பி வந்ததை அவன் அறியவேண்டியிருந்தது. ஆகவே புனிதர்களைச் சர்க்கரைப் பொம்மைகளாக்கிப் பிள்ளைகளிடம் நீட்டாதீர்கள். இராயப்பர் மறுதலித்ததையும் சொல்லுங்கள், அழுததையும் சொல்லுங்கள். வீட்டிலே தகப்பன் மன்னிப்புக் கேட்பதையும் பிள்ளை காணட்டும்.

இது நமக்குத் தூரத்துக் கதையன்று. 1687இல் ஒல்லாந்தர் ஆட்சியில், கத்தோலிக்க குருக்கள் தடைசெய்யப்பட்டிருந்த யாழ்ப்பாணத்துக்கு யோசவ்வாஸ் அடிகளார் ஏழைக் கோலத்தில் வந்தார். நம் முன்னோர் அவருக்குக் கதவைத் திறந்தனர். குருவின்றி இருந்த அத்தனை ஆண்டுகளும் வீடுகளிலே செபம் நிலைத்திருந்ததாலன்றோ அவரை ஏற்றுக்கொள்ள ஆட்கள் இருந்தனர்! 2015இல் அவர் புனிதராக உயர்த்தப்பட்டபோது நாம் மகிழ்ந்தோம்; அந்தக் கதவுகளையும் நினைத்தோமா?

இந்நாவல் பெரியவர்களுக்குரியது, சிறுவர்க்கன்று. பிள்ளைகளுக்கு இன்றிரவே ஒரு பக்கம் வாசியுங்கள். கைத்தொலைபேசிகளை ஒருபுறம் வையுங்கள். கொட்டாவி விட்டால் விடட்டும். எந்த இரவில் கதவு தட்டப்படும் என்று நாம் அறியோம். அதைத் திறக்கப்போகும் கை, இன்று உங்கள் மடியில் தூங்கி விழும் பிள்ளையின் கையாய் இருக்கலாம்.