கால்களும் மீட்டிய யாழ்



சாமுவேல் முதல் நூலின் 16-ஆம் அதிகாரத்தை இப்போது கேட்டோம். மனம் கலங்கிக் கிடந்த சவுல் அரசர்முன், ஆடு மேய்த்த தாவீது யாழ் மீட்டுகிறார், அரசர் தேறுகிறார். அந்த யாழ் அன்று ஒலித்தது வழிபாட்டில் அல்ல, ஒரு நோயாளியின் அருகில். இப்பகுதியை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு டோரதி ஆஷ்பி நினைவுக்கு வருவார்.

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், ஜாஸ் கிட்டார் கலைஞர் ஒருவரின் மகளாகப் பிறந்த கறுப்பினப் பெண் அவர். ஹார்ப் எனும் பெரிய யாழைப் பலரும் இசையரங்குகளோடும் வானதூதர் படங்களோடும் சேர்த்தே எண்ணிய காலத்தில், அதை அவர் ஜாஸுக்குள் கொண்டுபோனார். 1930-களிலேயே காஸ்பர் ரியர்டன் போன்றோர் முயன்றதுண்டு. ஆனால் பாய்ந்தோடும் பீபாப் எனும் ஜாஸ் வகையில் ஹார்ப்பைத் தன் காலில் நிற்கவைத்தவர் ஆஷ்பிதான்.

காலில் என்று சொன்னது வெறும் பேச்சுக்கல்ல. கச்சேரி ஹார்ப்பில் 47 தந்திகள். அடியில் 7 மிதிகள், ஒவ்வொன்றுக்கும் 3 நிலைகள். ஒரு மிதியை ஒரு படி நகர்த்தினால், அந்தச் சுரத்துக்குரிய தந்திகள் எல்லாம் அரைச் சுரம் மாறும். ஜாஸிலோ சுரங்கள் நொடிக்கு நொடி மாறும். நாம் விரல்களைப் பார்த்து வியக்கிறோம். கீழே கால்கள் ஓயாமல் உழைக்கின்றன. பீடத்தில் நிற்கும் என்னைப் பார்க்கிறீர்கள். விடியுமுன் இந்தக் கோவிலைப் பெருக்கியவரை யார் பார்த்தோம்?

ஜாஸ் கிளப் முதலாளிகள் ஆஷ்பியை அழைக்கத் தயங்கினார்கள். ஜாஸுக்கு ஹார்ப்பா? அதுவும் பெண்ணா? ஆஷ்பி இலவச நிகழ்ச்சிகள் நடத்தினார், நடன விருந்துகளில் வாசித்தார், மக்கள் காதுகொடுத்தார்கள். 1957-இல் ‘தி ஜாஸ் ஹார்ப்பிஸ்ட்’ இசைத்தட்டு வந்தது. 1976-இல் ஸ்டீவி வொண்டர் ‘இஃப் இட்ஸ் மேஜிக்’ பாடியபோது, அந்தக் குரலுக்கு ஏறக்குறைய முழுத் துணையும் ஆஷ்பியின் ஹார்ப்தான்.

நாமோ, பாடகர் குழுப் பிள்ளை ஊர் மேடையில் பாடினாலே முகம் சுளிக்கிறோம். ஆண்டவர் தந்த குரலுக்குக் கோவில் வாசலோடு எல்லை போட நாம் யார்? வரிதண்டுவோர் வீட்டுப் பந்தியில் அமர்ந்தவர் அல்லவா நம் ஆண்டவர்?

அரசு மருத்துவமனை வார்டில் பாட நம் பிள்ளைகள் அனுமதி கேட்டிருக்கிறார்கள். “அங்கே எதற்கு, சாமி?” என்று என்னிடம் கேட்ட பெரியவர்களே, வரும் சனிக்கிழமை மாலை நீங்களும் கூடவே வாருங்கள். கீபோர்டையும் ஸ்பீக்கரையும் மாடிக்குத் தூக்க ஆள் வேண்டும்.