கையின் பிழையா, வடிவத்தின் பிழையா?

தாளிலிருந்து பேனாவை எடுக்காமலும், இழுத்த கோட்டின்மேல் மீண்டும் இழுக்காமலும் வீடொன்றை வரையும் விளையாட்டைப் பலரும் அறிவர். ஒரு சதுரம், அதனுள் இரு மூலைவிட்டங்கள், மேலே முக்கோணக் கூரை. ஹட்டனை அடுத்த தோட்டப் பாடசாலையொன்றில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதனைக் கொடுத்தோம். அடிமூலையில் தொடங்கியவர்கள் வரைந்து முடித்தனர். பின்னர் கூரையை நீக்கிவிட்டு எஞ்சியதை வரையச் சொன்னோம். கோடுகள் குறைந்தன, வேலை எளிது என்று மகிழ்ந்தார்கள். ஒருவராலும் முடியவில்லை. அது வரைய முடியாத வடிவம் என்பதை நாம் வேண்டுமென்றே மறைத்திருந்தோம். ஒரு சிறுமி தாளைக் கசக்கிப் பைக்குள் ஒளித்தாள். "எனக்குத்தான் தெரியல சேர்" என்றாள்.

வடிவத்தின் பிழையைத் தன் பிழையாகச் சுமக்கும் இம்மனம் எங்கிருந்து வந்தது? 2022ஆம் ஆண்டின் பிற்பகுதி அது. கொழுந்து பறிக்கும் தாயொருவர் பாடசாலைக்கு வந்திருந்தார். "எனக்குக் கணக்கு வராதுங்க சேர். அதான் சம்பளம் மாசக் கடைசிவரைக்கும் நிக்க மாட்டேங்குது" என்றார். சொன்னவர் அடுத்த கணமே, கிடைத்த பேர் எத்தனை, அரைப் பேர் எத்தனை, சேமலாப நிதிக்கும் சந்தாவுக்கும் தீபாவளி முற்பணத்துக்கும் கழிந்தது எவ்வளவு என்று மனத்தாலேயே கூட்டிக் கழித்து ஒப்புவித்தார். ஒரு சதமும் பிசகவில்லை. எமது மாணவரிற் பலருக்கு அந்த வேகம் இல்லை!

நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் என்று வர்த்தமானி அறிவித்தது 2021 மார்ச்சில். 2022 செப்டெம்பரிலோ, கொழும்பு விலைச்சுட்டெண்ணின்படி, உணவுப் பொருள்களின் விலை ஓராண்டுக்குள் ஏறத்தாழ 95 சதவீதம் உயர்ந்திருந்தது. எத்தனை சிக்கனம் பிடித்தாலும் அந்தக் கணக்குக்கு விடை ஏது?

கோனிஸ்பர்க் நகரின் ஏழு பாலங்களையும் ஒவ்வொரு முறையே கடந்து உலாவ மக்கள் முயன்று தோற்றனர். அது நடப்போரின் திறமைக் குறைவன்று, அந்த அமைப்பில் அத்தகைய வழியே இல்லை என்று 1735இல் ஆய்லர் காரணத்தோடு நிறுவினார். ஒரு புள்ளியில் கூடும் கோடுகளை எண்ணுங்கள். ஒற்றை எண்ணிக்கையுள்ள புள்ளிகள் இரண்டுக்கு மேற்பட்டால் ஒரே இழுப்பில் வரைய இயலாது. கூரையற்ற சதுரத்திலோ நான்கு மூலைகளும் அத்தகையவை.

"முடியாது என்பதைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதா? ஏற்கெனவே தலைவிதி என்று சோர்ந்திருக்கும் சமூகம் இது" என்று எம் சக ஆசிரியர் கடிந்துகொண்டார். அவரது அச்சம் நியாயமானதே. கடினமான கணக்கையெல்லாம் முடியாத கணக்கென்று தள்ளிவிடும் சோம்பலும் வகுப்பில் உண்டு. ஆனால் தலைவிதி காரணம் கூறுவதில்லை. ஆய்லர் கூறினார். எந்தப் புள்ளிகளில் தடை இருக்கிறது என்பதையும் காட்டினார். மேலிரு மூலைகளிலிருந்து இரண்டு கோடுகளை உயர்த்தி இணைத்துக் கூரை போட்டால், அதே சதுரம் வரையக்கூடியதாகிவிடுகிறது. கை மாறவில்லை, வடிவம் மாறிற்று.

மறுவாரம் வகுப்பில் மறைத்ததை ஒப்புக்கொண்டு, புள்ளிகளை எண்ணக் கற்பித்தோம். அந்தச் சிறுமி கசங்கிய தாளைப் பையிலிருந்து எடுத்து நீவி, நான்கு மூலைகளிலும் 3, 3, 3, 3 என்று எழுதினாள். பிறகு கூரையை வரைந்தாள்.