திரும்பிப் போகிறவர்கள்

வீடியோ கேம் வடிவமைப்பும் சிமுலேஷனும் படிக்கிறேன் என்றால், "அதுக்கெல்லாமா காலேஜ்?" என்று கேட்காத சொந்தக்காரர் எனக்கு இல்லை. நாள் முழுக்க விளையாடுவோம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் நாங்கள் பெரும்பாலும் செய்வது மனிதர்களை நான்கைந்து விதிகளாகச் சுருக்குவது. அதில் ஓர் அறக்கேள்வி இருப்பது, மூன்றாம் ஆண்டு ப்ராஜெக்டுக்கு மதிப்பெண் வாங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஆற்றங்கரைக் குடியிருப்பு ஒன்றிலிருந்து வெள்ளத்தின்போது மக்கள் வெளியேறுவதைத் திரையில் காட்ட வேண்டும். 500 பேர், இரண்டு சந்து, மேட்டில் ஒரு பள்ளிக்கூடம். கூட்டத்தை நகர்த்த க்ரெய்க் ரெனால்ட்ஸின் 'பாய்ட்ஸ்' முறையை எடுத்துக்கொண்டோம். 1987-இல் பறவைக் கூட்டங்களுக்காக அவர் வெளியிட்டது. மூன்றே விதி: பக்கத்தில் இருப்பதன்மேல் மோதாதே; அது போகும் திசையில் போ; கூட்டத்தின் நடுவை விட்டு விலகாதே. எந்தப் பறவைக்கும் மொத்தக் கூட்டம் தெரியாது, தலைமைப் பறவையும் கிடையாது. ஆனாலும் சாயங்கால வானத்தில் நிஜப் பறவைகள் வளைந்து திரும்புவதைப் போலவே இருக்கும். 1992-இல் வந்த 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' படத்தின் வௌவால் கூட்டம் இந்த வழியில் உருவானதுதான். முதல் தடவை ஓடவிட்டுப் பார்த்தபோது எனக்குப் புல்லரித்தது. அதன் அழகை இன்றும் குறைசொல்ல மாட்டேன்.

எங்கள் 500 பேரும் அழகாக வெளியேறினார்கள். அப்போதுதான் ஆயா ஞாபகம் வந்தது.

2015 டிசம்பரில் அடையாறு பெருகி, சைதாப்பேட்டையில் எங்கள் தெருவுக்குள் தண்ணீர் வந்த இரவு, ஆயா கட்டிலை விட்டு எழவில்லை. "நீங்க போங்கடா, தண்ணி வடிஞ்சதும் வாங்க." அப்பா எங்களை ஒரு மாடியில் ஏற்றிவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் திரும்பிப் போனார், எல்லோரும் வெளியேறிக்கொண்டிருந்த அதே சந்தில், எதிர்த்திசையில். ஆபத்தில் மனிதர்கள் வாசலைத் தேடும் முன் தங்கள் ஆட்களைத் தேடுவார்கள் என்று பேரிடர்களை ஆராய்கிறவர்களும் சொல்கிறார்கள்.

நான்காவது விதி எழுதினேன்: குடும்பத்தில் ஒருவர் குறைந்தால் திரும்பிப் போ. சந்து அடைத்துக்கொண்டது. போகிற புள்ளியும் வருகிற புள்ளியும் முட்டிக்கொண்டு நின்றன. கூட இருந்த நண்பன், "மச்சான், பார்க்க பக் மாதிரி இருக்குடா. எடுத்துடு" என்றான். மறுநாள் காலை சமர்ப்பிக்க வேண்டும். அந்த வரிகளுக்கு முன்னால் இரண்டு சாய்கோடு போட்டேன். அப்படிப் போட்டால் கணினி அவற்றைத் தாண்டிப் போய்விடும். கூட்டம் மறுபடி சீராக நகர்ந்தது. நல்ல மதிப்பெண்.

எதையாவது விடாமல் எந்த மாதிரியும் செய்ய முடியாது, சரி. 2013-இல் வந்த 'சிம்சிட்டி'யை உருவாக்கியவர்கள், நிஜ ஊர்களில் வண்டி நிறுத்தவே எவ்வளவு இடம் போகிறது என்று பார்த்தார்கள். அதை அப்படியே வைத்தால் விளையாட்டு சப்பென்று ஆகிவிடும் என்று, அவை நிலத்தடியில் இருப்பதாக வைத்துக்கொண்டார்கள். அது விளையாட்டு. எங்கள் அறிக்கையின் கடைசிப் பக்கத்திலோ, 'இந்த இரண்டு சந்துகளே போதுமானவை' என்று எழுதியிருந்தோம்.

விதியைச் சேர்த்திருந்தாலும் நியாயம் செய்திருப்பேனா என்பது வேறு விஷயம். திரையில் அப்பா ஓர் இடைஞ்சல், அவ்வளவுதான். அதைப் பார்க்கும் அதிகாரி சந்து முனையில் போலீஸை நிறுத்தி, திரும்பிப் போகிறவர்களைத் தடுக்கலாம். அல்லது, தண்ணீர் ஏறும் முன்பே கிழவிகளைத் தூக்கிவர ஆள் அனுப்பலாம். ஒரே நெரிசலிலிருந்து இரண்டு முடிவுகளுக்கும் போக முடியும். நாங்கள் எண்ணியது நிமிடங்களை. யார் பாக்கி என்று எண்ணவே இல்லை.

இப்போது அந்தச் சாய்கோடுகளை எடுத்துவிட்டு மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறேன், மதிப்பெண் எதுவும் கிடையாது. போன வாரம் அப்பாவிடம் கேட்டேன்: "அன்னைக்கு ஆயாவைத் தூக்கிட்டு வர எவ்ளோ நேரம் ஆச்சுப்பா?"

"யாருடா மணி பார்த்தா? பாதி வழியில வந்துட்டு, சுருக்குப்பையை மறந்துட்டேன், திரும்புன்னு ஒரே அடம். திரும்புனேன்."