பீடத்தில் ஏறிய தச்சன்

மே மாதம் முதல் நாள் இரு விழாக்களுக்கு உரியது. வீதியிலே பாட்டாளி மக்கள் செங்கொடி ஏந்தி ஊர்வலம் செல்கின்றனர். தேவாலயத்திலே கத்தோலிக்கர் தொழிலாளரான புனித சூசையப்பரை நினைவுகூருகின்றனர். இவ்விரண்டும் ஒரே நாளில் அமைந்தமை தற்செயலன்று. இதன் வரலாற்றை நோக்குமிடத்து, சமய எல்லையைக் கடந்த அறக்கேள்வியொன்று எழுகின்றது: ஒரு மனிதனைப் போற்றிப் பீடத்தில் ஏற்றும்போது நாம் அவனை நெருங்குகின்றோமா, அல்லது அவனிடமிருந்து விலகிக்கொள்கின்றோமா?

திருச்சபையின் போதனையை முதலிற் சரியாக விளங்கிக்கொள்ளல் வேண்டும். ஆராதனை இறைவனுக்கு மட்டுமே உரியது. புனிதருக்கு உரியது வணக்கம். புனிதரின் பரிந்துரையை வேண்டுவதோடு, அவர் வாழ்ந்த வழியிலே வாழ முயல்வதும் அவ்வணக்கத்தின் நோக்கமாகும். பெரும்பாலும் புனிதர் இறந்த நாளே அவரது விழாநாளாக அமையும். அதனை அவர் விண்ணகத்திற் பிறந்த நாளாகக் கொள்வது மரபு. சூசையப்பர் இறந்த நாளையோ எவரும் அறியார். அவரது பழைய திருவிழா மார்ச் 19இல் வருவது. அவ்வாறாயின் மே முதல் நாள் அவருக்கு எவ்வாறு உரியதாயிற்று?

1886இல் சிக்காகோத் தொழிலாளர் எட்டு மணிநேர வேலைநாளைக் கோரிப் போராடினர். அப்போராட்டத்தையொட்டித் தண்டிக்கப்பட்ட நால்வர் மறுவருடம் தூக்கிலிடப்பட்டனர். 1889 ஜூலையில் பாரிஸில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, அதே கோரிக்கைக்காக 1890 மே முதல் நாளன்று எங்கும் கிளர்ச்சி செய்யத் தீர்மானித்தது. அதற்கு அடுத்த மாதம் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் சூசையப்பர் பக்தி பற்றிய சுற்றுமடலொன்றை வெளியிட்டார். வறியோர் நீதியான வழிகளில் தம் நிலையை உயர்த்த முயலலாம் என்பதை அவர் ஒப்புக்கொண்டார். ஆயினும் கலகக்காரரின் வாக்குறுதிகளை நம்பாது, சூசையப்பரின் முன்மாதிரியை நாடுமாறே தொழிலாளருக்கு அறிவுரை கூறினார்.

1955 மே முதல் நாள், பன்னிரண்டாம் பத்திநாதர் உரோமையிற் கூடியிருந்த இத்தாலியக் கிறிஸ்தவத் தொழிலாளர் முன்னிலையிற் புதிய திருவிழாவை அறிவித்தார். அந்நாளுக்குரியவராயிருந்த அப்போஸ்தலர் பிலிப்புவும் யாக்கோபும் வேறு நாளுக்கு மாற்றப்பட்டனர். பொதுவுடைமை இயக்கம் வலுப்பெற்றிருந்த இத்தாலியிலே இவ்வறிவிப்பின் நோக்கத்தை விளங்கிக்கொள்வது கடினமன்று. 1969ஆம் ஆண்டு வழிபாட்டு நாட்காட்டி சீர்திருத்தப்பட்டபோது இவ்விழா விருப்ப நினைவுநாளாகத் தரங்குறைந்தது.

தொழிலாளியின் நாளைத் தேவாலயம் கவர்ந்துகொண்டது என்று கூறி இதனை ஒதுக்கிவிடலாம். ஆனால் அது பாதி உண்மையே. நாசரேத்தூர் மக்கள் இயேசுவைப் பார்த்து, இவன் தச்சனுடைய மகனல்லவா என வினவியதாக மத்தேயு எழுதுகின்றார். வினவியோர் வியந்து மட்டும் வினவவில்லை. அவ்வினாவிலே இகழ்ச்சியும் இருந்தது. இகழப்பட்ட அதே தொழிலின் பெயராலேயே ஒருவரைப் பீடத்தில் ஏற்றுவது சிறிய செயலன்று. தொழிலைக் கொண்டு மனிதனுக்கு உயர்வும் தாழ்வும் வகுத்த நம்மவர் சமூகத்துக்கு அதன் பெறுமதி நன்கு விளங்கும்.

ஆயினும் பீடத்திலுள்ள தச்சனை வணங்கிவிட்டு, வாசலில் நிற்கும் தச்சனிடம் கூலியிற் பேரம் பேசுபவன் எதனை வணங்கினான்? சுவிசேஷங்களிலே சூசையப்பர் ஒரு வார்த்தைதானும் பேசுவதில்லை. அவரது மௌனத்தைப் பணிவென்று போற்றுகின்றது மரபு. ஆனால் அம்மௌனத்தையே தொழிலாளி அனைவருக்கும் இலக்கணமாக்குவோமாயின், போற்றுதல் வாய்ப்பூட்டாக மாறிவிடும்.

இவ்விரு விழாக்களும் பகையாகத்தான் இருத்தல் வேண்டும் என்பதுமில்லை. 1933 மே முதல் நாளன்று, திருவிழா தோன்றுவதற்கு 22 ஆண்டுகள் முன்பே, நியூயோர்க்கின் யூனியன் சதுக்கத்திற் கூடிய தொழிலாளரிடையே டொரதி டே என்னும் கத்தோலிக்கப் பெண்மணி ‘கத்தோலிக்கத் தொழிலாளி’ என்ற பத்திரிகையை ஒரு சதத்துக்கு விற்கத் தொடங்கினார். தம் விசுவாசத்தை விடாமலே அவர் வீதிக்கு வந்தார். தம்மைப் புனிதரென்று அழைக்க வேண்டாம், அவ்வளவு எளிதாகத் தம்மைத் தட்டிக்கழிக்க விடமாட்டேன் என அவர் சொன்னதாகக் கூறுவர். 1980இல் மறைந்த அவரையே புனிதராக்கும் முயற்சி 2000ஆம் ஆண்டில் தொடங்கிற்று. அவர் அஞ்சியது நிகழுமா என்பது, அவரைக் கொண்டாடப் போகின்றவர்களைப் பொறுத்தது.

இக்கேள்வி தேவாலயத்துக்கு மட்டும் உரியதன்று. நாமும் தியாகிகளின் படங்களைச் சுமந்து செல்கின்றோம்; அவர்களின் நினைவுநாள்களைக் கொண்டாடுகின்றோம். மே தினத்தன்று உழைப்பின் உயர்வைப் பாடிவிட்டு, மறுநாள் வகுப்பறையிலே, “படியாவிட்டால் மண்வெட்டிதான் பிடிக்க வேண்டும்” என்று மாணவனைக் கடிந்துகொள்ளும் ஆசிரியர் நம்மிடையே இல்லையா? அவ்வகுப்பிலே மண்வெட்டி பிடிப்பவனின் பிள்ளையும் இருக்கின்றது. நாசரேத்தூர் மக்களின் வினாவையே நாம் அப்பிள்ளையின் காதில் மீண்டும் கேட்கின்றோம்.

விழா என்பது கடனை அடைத்ததற்கான பற்றுச்சீட்டு அன்று. கடன் இன்னும் தீரவில்லை என்பதற்கான ஆண்டு நினைவூட்டலே அது. தேவாலயத்தின் மே முதல் நாளையும் வீதியின் மே முதல் நாளையும் மே இரண்டாம் நாளிலே நாம் நடந்துகொள்ளும் முறைகொண்டு அளத்தல் வேண்டும்.